விலங்குரிமைக்காகப் பாடுபடும் நண்பர்களுக்கு: அந்த ஒப்பீட்டைக் கைவிடுங்கள்

அன்பு நண்பர்களே,

வணக்கம். மாடுகளை மூச்சுமுட்ட ஏற்றிச் செல்லும் லாரிகளை மறித்து நிற்பவர்கள், அடிபட்ட நாயைத் துணியில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடுபவர்கள், கல்லூரிகளில் விலங்குரிமை பற்றி வகுப்பெடுப்பவர்கள், துண்டறிக்கை எழுதுபவர்கள் என்று தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் பணியாற்றும் உங்கள் எல்லோருக்கும் இம்மடலை எழுதுகிறேன். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியொன்றில் 19 ஆண்டுகளாகச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். உங்கள் பணியை எட்ட நின்று குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. கல்லூரி நாட்களில் ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கரின் எழுத்தைப் படித்துத்தான் இறைச்சி உண்பதை விட்டேன். இன்றுவரை அதைத் தொடவில்லை. அந்த நன்றி மனத்தில் இருக்கும்போதே, அவருடைய வாதத்தின் ஒரு பகுதியை நீங்கள் மேடைகளில் கையாளும் விதம் குறித்து உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு, உங்களைப் போன்ற ஓர் அமைப்பு நடத்திய ஒருநாள் பயிற்சி முகாமுக்கு எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் சிலரை நானே அழைத்துச் சென்றிருந்தேன். அந்த அமைப்பின் பெயர் இங்கே தேவையில்லை. அதே படத்தை வேறு இடங்களிலும் பின்னர் பார்த்துவிட்டேன். மதிய உணவுக்குச் சற்று முன்பு, திரையின் இடப்பக்கம் ஒரு பன்றியும் வலப்பக்கம் சக்கர நாற்காலியில் தலை ஒருபுறம் சாய்ந்த நிலையில் ஒரு சிறுவனும் தோன்றினார்கள். பேசியவர் இளைஞர், நல்ல மனம் கொண்டவர், கனிவாகத்தான் கேட்டார்: "இந்த இருவரில் யாருக்கு அறிவு அதிகம்? அறிவு குறைந்தவரை நாம் அறுத்து உண்பதில்லையே, பிறகு அறிவு கூடியதை ஏன் உண்கிறோம்?" அரங்கில் சிலர் தலையசைத்தார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு தாய் தன் பையை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்து வெளியே போனார்.

நான் பின்னாலேயே போனேன். வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. "ஏனுங்க டீச்சர், எம்புள்ளைய எதுக்குங்க பன்னியோட வெச்சு அளக்கறாங்க?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, "எங்கூட்டு எருமை கன்னு போடற அன்னைக்கு ராத்திரி பூரா கண்ணு மூடாம உக்காந்திருக்கறமுங்க. அதுக்கு எம்புள்ள மட்டமா இருக்கோணும்னு ஒண்ணும் இல்லீங்களே" என்றார். அவருக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இம்மடல் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

அந்தப் படத்தைத் தயாரித்தவர்கள் அதைத் தாங்களாகக் கற்பனை செய்துவிடவில்லை. அதன் வேர் சிங்கரிடம் இருக்கிறது. அவருக்கும் முன்னே போகிறது. "அவற்றால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதல்ல கேள்வி, அவற்றால் துன்பப்பட முடியுமா என்பதே கேள்வி" என்ற பொருளில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் எழுதிய அடிக்குறிப்பை நீங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறீர்கள். அதே குறிப்பில், வளர்ந்த குதிரையோ நாயோ பிறந்து ஒரு நாளோ ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆன குழந்தையைவிட அறிவுள்ளது என்றும் பெந்தம் சொல்கிறார். அவர் ஒப்பிட்ட குழந்தை நாம் எல்லோருமே ஒரு காலத்தில் இருந்த குழந்தை. அந்த ஒப்பீட்டில் எவரும் தனியே பிரித்து நிறுத்தப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அந்த இடத்துக்கு மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட மனிதர் கொண்டுவரப்பட்டார். இவரிடம் செய்யத் துணியாத சோதனையை, இவரைவிடக் கூடுதல் உணர்வும் அறிவும் உள்ள குரங்கிடம் செய்வது எப்படி நியாயம் என்று சிங்கர் கேட்டார். தத்துவத் துறையில் இதை விளிம்புநிலை மனிதர் வாதம் என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். யார் விளிம்பில் இருக்கிறார்கள் என்பதை முடிவு செய்தவர்கள் அந்த விளிம்பில் இல்லாதவர்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

சிங்கரைப் பற்றி நேர்மையாகப் பேசுவதென்றால் அவர் செய்த நன்மையை முதலில் முழுமையாகச் சொல்ல வேண்டும். 1946இல் மெல்போர்னில் பிறந்தவர். பெற்றோர் வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி ஆஸ்திரேலியா சென்ற யூதர்கள். தாத்தா பாட்டிகள் நால்வரில் மூவரை நாஜிகளின் கொடுமைக்குப் பறிகொடுத்த குடும்பம். 1970இல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, உடன் சாப்பிட வந்த ஒரு மாணவர் உணவில் இறைச்சி உண்டா என்று விசாரித்துவிட்டு வேறு உணவை எடுத்துக்கொண்டதைப் பார்த்து, அந்த ஒரு மதியவேளை உரையாடலிலிருந்து தன் வாழ்நாள் வேலையைத் தொடங்கியவர். 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தபோது, கண்ணெதிரே குளத்தில் மூழ்கும் குழந்தைக்கும் தொலைதூரத்தில் பட்டினியால் சாகும் குழந்தைக்கும் நம் கடமை வேறுபடாது என்று வாதிட்டு எழுதியவர். 2021இல் பெர்க்ரூன் பரிசாகக் கிடைத்த 10 லட்சம் டாலரை வறுமை ஒழிப்புக்கும் விலங்குகளுக்குமான அமைப்புகளுக்குக் கொடுத்தவர். சொன்னதைச் செய்பவர் என்ற மதிப்பு எனக்கு அவர்மீது இன்றும் உண்டு.

1975இல் வெளிவந்த அவரது 'விலங்கு விடுதலை' நூல் எங்கள் ஊரை எனக்குப் புதிதாகக் காட்டியது. நாமக்கல் பக்கத்தில் பிறந்தவளுக்குக் கோழிப்பண்ணை புதியதல்ல. ஆனால் அந்நூலைப் படித்த பிறகுதான் ஒரு கூண்டின் முன் நின்று பார்த்தேன். கம்பித் தளம் முன்பக்கமாகச் சரிந்திருக்கும். முட்டை இட்ட உடனே உருண்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பதற்காக அந்தச் சரிவு. ஆகவே கோழி தன் வாழ்நாள் முழுவதும் சரிவிலேயே நிற்கிறது. ஒன்றையொன்று கொத்திவிடாமலிருக்கக் குஞ்சுப் பருவத்திலேயே சூடான தகட்டில் அலகு வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு கோழி சிறகை விரிக்க முயன்றது. பக்கத்துக் கோழியின் முதுகில் இடித்து மடக்கிக்கொண்டது. மீண்டும் விரித்தது, மீண்டும் மடக்கியது. அதற்கு எவ்வளவு அறிவு இருக்கிறது என்ற கேள்வி அப்போது எனக்குள் எழவே இல்லை. அதற்கு வலிக்கிறது, அது தவிக்கிறது. அது போதுமானதாக இருந்தது.

அந்தப் போதுமான இடத்தில் சிங்கர் நிற்கவில்லை என்பதில்தான் என் கவலை தொடங்குகிறது.

துன்பம் என்ற அளவுகோலோடு அவர் இன்னோர் அளவுகோலையும் சேர்த்தார். ஓர் உயிரைத் துன்புறுத்துவது எப்போது தவறு என்பதற்குத் துன்பப்படும் திறனே போதும். ஆனால் கொல்வது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு, அந்த உயிருக்குத் தன்னைப் பற்றிய உணர்வும் நேற்று நாளை என்ற காலத் தொடர்ச்சியும் உண்டா என்று பார்க்க வேண்டும் என்றார். அவை உள்ளவரே 'நபர்'. இந்தப் பொருளில் சில விலங்குகள் நபர்கள்; சில மனிதர்கள் நபர்கள் அல்லர்; பிறந்த குழந்தை எதுவுமே நபர் அல்ல. 1979இல் வந்த 'நடைமுறை அறவியல்' என்ற நூலிலும், 1985இல் ஹெல்கா கூசேயுடன் இணைந்து எழுதிய நூலிலும் இதை அவர் முடிவுவரை கொண்டுசென்றார்: கடுமையான குறைபாட்டோடு பிறந்த குழந்தையின் வாழ்வை, பெற்றோர் மருத்துவரோடு கலந்து முடித்துவிடலாம், அது ஒரு நபரைக் கொல்வதற்கு ஈடாகாது. பிறந்து 28 நாள் வரை என்ற எல்லையைக்கூட அப்போது அவர்கள் முன்வைத்தார்கள். பிற்பாடு அந்த எண்ணை வலியுறுத்தவில்லை. ரத்தம் உறையாமைக் குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தையின் இடத்தில் அடுத்ததாக ஆரோக்கியமான குழந்தை பிறக்கும் என்றால் மொத்த மகிழ்ச்சி கூடும் என்ற கணக்கையும் அவர் போட்டுக் காட்டியிருக்கிறார்.

இந்த நோயுள்ளவர்கள் வேலைக்குப் போகிறார்கள், திருமணம் செய்கிறார்கள், பேரன் பேத்தி காண்கிறார்கள். அவர்களில் யாராவது அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது என்ன நினைப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1982 ஏப்ரலில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள புளூமிங்டனில் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குரோமோசோம் மாறுபாடு கொண்ட ஓர் ஆண் குழந்தை பிறந்தது. உணவுக்குழாய் வயிற்றோடு இணையாமல் இருந்தது. அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யக்கூடிய கோளாறு அது. டவுன் சிண்ட்ரோம் என்பதால் பெற்றோர் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்பவில்லை, நீதிமன்றமும் தலையிடவில்லை, அக்குழந்தையை வளர்க்க முன்வந்த குடும்பங்கள் இருந்தும் ஆறாம் நாள் அது உணவின்றி இறந்தது. அந்த நிகழ்வுக்குப் பிறகு இத்தகைய குழந்தைகளைக் காப்பாற்ற அமெரிக்க அரசு கொண்டுவந்த விதிகளை ஒட்டி, 1983இல் ஒரு குழந்தைநல மருத்துவ இதழில் சிங்கர் எழுதினார். கடுமையான குறைபாடுள்ள குழந்தையை ஒரு நாயோடோ பன்றியோடோ ஒப்பிட்டால் பெரும்பாலும் விலங்குக்கே கூடுதல் திறன்கள் இருப்பதைக் காண்போம் என்பது அக்கட்டுரையின் மையக் கருத்து. உங்கள் திரையில் தோன்றிய பன்றி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடந்து அங்கே வந்திருக்கிறது.

இவ்விடத்தில் சிங்கரின் பக்கம் உள்ள வலுவையும் மறைக்க மாட்டேன். ஒரு குழந்தையை ஆறு நாள் பட்டினி போட்டுச் சாகவிட்டுவிட்டு, 'நாங்கள் கொல்லவில்லை' என்று கை கழுவுவது அறமாகாது என்று அவர் சுட்டிக்காட்டியபோது மருத்துவ உலகம் அவருக்குத் தக்க பதில் சொல்லவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. ஆனால் அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் வேறு. 'சாகவிடுவதும் கொல்வதும் ஒன்றே, ஆகவே விரைந்து கொல்வதே கருணை' என்று போவதற்கு முன்னால், 'அறுவைச் சிகிச்சை ஏன் மறுக்கப்பட்டது' என்ற இடத்தில் அவர் இன்னும் சற்று நேரம் நின்றிருக்க வேண்டும். சாதாரணக் குழந்தைக்கு மறுக்கப்படாத சிகிச்சை இக்குழந்தைக்கு மறுக்கப்பட்டது. அந்த வாழ்வு வாழத் தகுந்ததல்ல என்று பெரியவர்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள்.

அப்படித் தீர்மானித்தது எவ்வளவு பிழையானது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1983இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகள். இன்று 60ஐ ஒட்டி இருக்கிறது. இந்த இடைவெளியில் அவர்களுடைய குரோமோசோம் மாறவில்லை. காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்தவர்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் வந்தார்கள். அதுவரை மறுக்கப்பட்டுவந்த இதய அறுவைச் சிகிச்சைகள் கிடைத்தன. 'தரம் குறைந்த வாழ்வு' என்று அன்று அளந்தவர்கள் உண்மையில் அளந்தது அன்றைய சமூகத்தின் புறக்கணிப்பை. 2011இல் அமெரிக்க மருத்துவர்கள் டவுன் சிண்ட்ரோம் உள்ள 284 பேரிடமே நேரடியாகக் கேட்டபோது, ஏறக்குறைய 99 விழுக்காட்டினர் தங்கள் வாழ்வில் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். 1999இல் வெளியான வேறோர் ஆய்வில், மிதமான அல்லது கடுமையான குறைபாடு கொண்டவர்களில் 54 விழுக்காட்டினர் தங்கள் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றார்கள். பார்ப்பவர்கள் இரங்கும் அளவுக்கு வாழ்பவர்கள் இரங்குவதில்லை என்பதை ஆய்வாளர்களே வியப்போடு குறித்தார்கள். மகிழ்ச்சியைக் கூட்டிக் கழித்து அறம் சொல்லும் ஒரு தத்துவத்துக்கு இந்த எண்கள் சிறிய செய்தியாக இருக்க முடியாது.

1994இல் எழுதிய ஒரு நூலில் சிங்கர், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையிடம் எவற்றையெல்லாம் எதிர்பார்க்க முடியாது என்று ஒரு பட்டியல் தருகிறார்: கிதார் வாசிப்பது, அறிவியல் புனைகதையை ரசிப்பது, வேற்றுமொழி கற்பது, புதிய திரைப்படத்தைப் பற்றி அரட்டை அடிப்பது, கூடைப்பந்தோ டென்னிஸோ சுமாராகவாவது ஆடுவது. அத்தகைய பிள்ளையை வளர்ப்பது அன்பு நிறைந்த அனுபவமாக இருக்கலாம் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்க இலக்கியப் பேராசிரியர் மைக்கேல் பெருபே, அதே நிலையுள்ள ஒரு மகனின் தந்தை, அந்தப் பட்டியலில் உள்ளவற்றையே தன் மகனின் வாழ்வோடு வைத்துப் பார்த்து, நேற்று இயலாது என்று சொன்னவை இன்று இயல்வதையும், நாம் எதிர்பார்ப்பதற்கேற்ப பிள்ளைகள் வளர்வதையும் எடுத்துக்காட்டினார். பட்டியலைப் படித்த அன்று எனக்கு வந்த நினைப்பு வேறு. என் வகுப்பில் டவுன் சிண்ட்ரோம் உள்ள 17 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். 30 முட்டை கொள்ளும் அட்டை வந்து இறங்கியதும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாள்; 11க்கும் 14க்கும் நடுவே எப்போதும் தடுமாறி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். கீறல் விட்ட முட்டையைக் கண்டால் தனியே எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். கிதாரும் டென்னிஸும் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் அது ஏன் குறையாக வேண்டும்?

இப்போது உங்களிடம் வருகிறேன். 'நாங்கள் குழந்தைகளைத் தாழ்த்தவில்லை, விலங்குகளை உயர்த்தவே அந்த ஒப்பீடு' என்று சொல்வீர்கள். சிங்கரும் அதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் ஒரு வாதம் தன்னை உருவாக்கியவரின் நோக்கத்தோடு மட்டும் நடப்பதில்லை. 'இவர்களை நடத்துவதுபோல அவற்றையும் நடத்துங்கள்' என்று ஒரு வாசலும், 'அவற்றை நடத்துவதுபோல இவர்களையும் நடத்தலாம்' என்று இன்னொரு வாசலும் அந்த வாதத்துக்கு உண்டு. இரண்டும் ஒரே அளவு தருக்கச் சீர்மை கொண்டவை. கேட்பவர் எந்த வாசல் வழியே போவார் என்பதை உங்கள் படம் தீர்மானிப்பதில்லை. முகாமில் தலையசைத்தவர்களில் எத்தனை பேர் அன்று மாலை இறைச்சியைக் கைவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தாய் வெளியேறியது மட்டும் தெரியும்.

இரண்டாம் வாசல் வழியே ஒரு நாடே நடந்திருக்கிறது. ஜெர்மனியில் 1939 முதல் 1941 ஆகஸ்ட் வரை, டீ-4 என்று பெயரிட்ட திட்டத்தின்கீழ், மனநல விடுதிகளிலும் காப்பகங்களிலும் இருந்த 70,000க்கும் மேற்பட்டவர்களை ஹடமார், ஹார்ட்ஹைம் போன்ற இடங்களுக்குப் பேருந்தில் ஏற்றிச் சென்று நச்சு வாயுவால் கொன்றார்கள். சிங்கரை அவர்களோடு ஒப்பிடுவது பெரும் அநீதி. அரசு தன் நாட்டவரைக் கொல்வதை அவர் எங்கேயும் ஆதரித்ததில்லை, அவருடைய குடும்பமே அந்த அரசால் சிதைந்தது. எனினும் 1989இல் அவரை ஜெர்மனிக்குப் பேச அழைத்தபோது அங்குள்ள மாற்றுத்திறனாளிகள் கொதித்தெழுந்ததன் காரணத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அழைப்புகள் திரும்பப் பெறப்பட்டன, கூட்டங்கள் ரத்தாயின. 1991இல் சூரிச்சில் ஒருவர் மேடையேறி அவருடைய கண்ணாடியைப் பிடுங்கி உடைத்தார். அந்தச் செயலை நான் ஏற்கவில்லை. 2020இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அரங்கம் மறுக்கப்பட்டதையும் ஏற்கவில்லை. அவர் பேசட்டும், பக்கத்தில் நாங்களும் பேச வேண்டும் என்பதே என் விருப்பம்.

அப்படிப் பேசிய ஒருவரை உங்கள் வகுப்புகளில் நான் கேள்விப்பட்டதே இல்லை. ஹாரியட் மெக்பிரைட் ஜான்சன் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனைச் சேர்ந்த வழக்கறிஞர்; தசைகள் நலியும் பிறவி நோயால் உடல் வளைந்து, மின் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். சிங்கரின் கணக்குப்படி தன்னைப் போன்ற குழந்தையின் வாழ்வை முடித்துவிட அவருடைய பெற்றோருக்கு அனுமதி இருந்திருக்க வேண்டும். 1999 முதல் சிங்கர் கற்பித்துவந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கே 2002இல் போய், அவரோடு மேடையில் வாதிட்டார். ஜான்சன் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆகவே 'உயிர் இறைவன் தந்தது' என்ற பதிலை அவர் சொல்லவில்லை. எங்கள் வாழ்வில் துன்பம் உண்டு, மற்றவர்களுக்கும் உண்டு. எங்கள் வாழ்வு உங்களுடையதைவிடத் தரம் தாழ்ந்தது என்பது நீங்கள் வெளியே நின்று சொல்லும் ஊகம் என்றார். அன்று இரவு விருந்தில் அவருடைய முழங்கை நழுவிக் கை அசைக்க முடியாமல் போனது. வலப்பக்கம் அமர்ந்திருந்தவர் சிங்கர். ஜான்சன் அவருக்குச் சைகை காட்டி, இந்த மணிக்கட்டைப் பிடித்துத் தூக்காமல் ஓர் அங்குலம் முன்னே இழுங்கள் என்று மெல்லச் சொன்னார். சிங்கர் சொன்னபடியே செய்தார். கை மேசைமீது வந்தது, உணவு தொடர்ந்தது. 2003இல் ஒரு நாளிதழின் ஞாயிறு மலரில் ஜான்சன் எழுதிய நெடுங்கட்டுரையில் இக்காட்சி வருகிறது. 2008இல் அவர் இறந்தபோது சிங்கர் மரியாதையோடு நினைவுக் கட்டுரை எழுதினார்; ஆனால் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

சிங்கருடைய தாய்க்கு அல்சைமர் நோய் வந்து, அவர் சொன்ன பொருளில் 'நபர்' என்ற நிலை கரைந்துபோனபோது, சிங்கரும் அவர் சகோதரியும் செலவு பார்க்காமல் பராமரித்தார்கள். இதை வைத்து அவரைப் போலி என்று ஏசியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் தாய் என்று வரும்போது தான் எண்ணியதைவிட இது கடினமாக இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலை அவர் தத்துவத்துக்குள் கொண்டுவந்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம். 'இவள் என் தாய்' என்பது கணக்கில் சேர்க்கக் கூடாத பலவீனமா, அறத்தின் ஒரு பகுதியேதானா? கடுமையான அறிவுசார் குறைபாடுள்ள மகளை வளர்த்த அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஈவா கிட்டே, 2008இல் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் சிங்கர் முன்னிலையிலேயே இந்தக் கேள்வியை எழுப்பினார். தன் மகளை விலங்கோடு வைத்து அளக்கும் வாதத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதே ஒரு தாய்க்கு எப்படிப்பட்டது என்றும் அவர் எழுதியிருக்கிறார். வேப்பமரத்தடியில் நின்ற தாய் அவரைப் படித்தவர் அல்லர்.

'அறிவு அடிப்படை இல்லை என்றால், மனிதன் என்பதாலேயே ஒருவருக்கு மதிப்பு என்பது நிறவெறிபோல ஓர் உயிரினப் பாகுபாடு ஆகாதா?' என்று நீங்கள் கேட்பீர்கள். 1970இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் ரைடர் உருவாக்கிய அந்தச் சொல், 2014இல் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை வந்து நம் ஊரிலும் பழகிவிட்டது. நிறவெறியின் கொடுமை, தன் நிறத்தவரை நேசித்ததில் இல்லை. பிற நிறத்தவரைச் சங்கிலியில் பூட்டியதில் இருக்கிறது. அதுபோல, நமக்குப் பிறந்த, நம்மிடையே வாழும், நம்மை நம்பியிருக்கும் மனிதக் குழந்தைக்கு முழு இடம் கொடுப்பது தவறாகாது. அதைச் சாக்கிட்டுக் கோழியைச் சரிவில் நிறுத்துவதே தவறு. கோழியை விடுவிக்க, குழந்தையின் இடத்தை ஏன் முதலில் நிபந்தனைக்கு உட்படுத்த வேண்டும்?

இன்னொன்றையும் நீங்கள் கருத வேண்டும். சிங்கரின் 'நபர்' என்ற ஏணி உங்களுக்கும் துணை நிற்பதில்லை. அவர் பயன்வழி அறவியலாளர், அதாவது மகிழ்ச்சியையும் துன்பத்தையும் கூட்டிக் கழித்தே அறம் சொல்பவர். உரிமை என்ற சொல் அவருக்குப் பேச்சு வசதிக்கானது மட்டுமே. தன்னுணர்வு இல்லாத உயிரை வலியின்றிக் கொன்று, அதன் இடத்தில் அதே அளவு மகிழ்ச்சியோடு வாழும் இன்னொன்றைக் கொண்டுவந்தால் பெரிய தவறு நேரவில்லை என்று அந்த ஏணியின்படி வாதிட இடமுண்டு. அவரே அதை விவாதித்திருக்கிறார். அதாவது, குழந்தையைக் கீழிறக்கும் அதே படிதான் கோழியையும் மாற்றீடு செய்யத்தக்க பொருளாக்குகிறது. 2006இல் ஒரு பிரிட்டிஷ் ஆவணப்படத்தில், குரங்குகள்மீது செய்த மூளை ஆராய்ச்சியால் பல்லாயிரம் நோயாளிகள் பயன்பெற்றார்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டு அறுவை மருத்துவர் ஒருவர் சொன்னபோது, அப்படியானால் அந்தச் சோதனை நியாயமாக இருக்கலாம் என்று சிங்கர் இசைந்தார். 1983இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் டாம் ரீகன் இந்தக் கணக்குமுறையை ஏற்காமல்தான் அவரிடமிருந்து விலகி, ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் வாழ்வு உண்டு, அதைக் கூட்டல் கழித்தலுக்கு உட்படுத்தக் கூடாது என்று விலங்குரிமைக்குத் தனி அடித்தளம் அமைத்தார். உரிமை என்ற சொல்லைப் பதாகையில் தாங்கும் நீங்கள் இதை அறியாதவர்கள் அல்லர்.

உங்கள் இயக்கத்தின் மிகப் பெரிய வெற்றிகள் எதற்கும் அந்த ஒப்பீடு தேவைப்பட்டதில்லை. 1974இல் நியூயார்க்கில் சிங்கரின் வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்ட ஹென்றி ஸ்பைரா, 1980இல் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டார். அழகுக்காக ரெவ்லான் நிறுவனம் எத்தனை முயல்களைக் குருடாக்குகிறது என்பதுதான் அதன் கேள்வி. முயலின் அறிவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒப்பனைப் பொருள் சோதனையில் முயலின் கண் படும் துன்பம் மட்டுமே பேசப்பட்டது. அதே ஆண்டிலேயே, விலங்குகள் இல்லாத சோதனை முறைகளை ஆராய 7,50,000 டாலர் தர ரெவ்லான் முன்வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் பழைய வகைக் கோழிக்கூண்டுகள் தடைசெய்யப்பட்டபோதும், பேசப்பட்டது கோழியின் சிறகும் காலும் கூண்டின் அளவும்தான். இவையெல்லாம் சிங்கர் ஊன்றிய நல்ல விதையின் விளைச்சல் என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

உடற்குறைபாட்டோடு வாழ்ந்துகொண்டே விலங்குகளுக்காக எழுதும் அமெரிக்க ஓவியர் சுனோரா டெய்லரைப் போன்றவர்களும் இருக்கிறார்கள். பிறரைச் சார்ந்திருப்பதை இழிவாக எண்ணும் பார்வைதான் மாற்றுத்திறனாளியையும் பண்ணை விலங்கையும் ஒருங்கே வதைக்கிறது என்கிறார் அவர். அந்தப் பாதையில் எங்களாலும் உங்களோடு வர முடியும். அது சிக்கலே இல்லாத பாதை என்று நடிக்க மாட்டேன். எங்கள் பள்ளியில் மதிய உணவோடு முட்டை தருகிறோம். நான் மேலே சொன்ன பெண்ணுக்குப் புரதம் போதவில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்; அவளுக்கு முட்டையை உரித்துக் கொடுக்கும்போது அந்தச் சரிந்த கம்பித் தளம் என் கண்முன் வராத நாளில்லை. அவளிடமிருந்து அதைப் பறிக்கவும் என்னால் முடியாது, கோழியை மறக்கவும் முடியாது. 2017இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் முட்டைக்கோழி வளர்ப்புக்கான விதிகளை முன்மொழிந்திருக்கிறது. கூண்டுகளை மாற்றக் கோரி நீங்கள் பண்ணையாளர்களிடமும் அரசிடமும் போகும்போது எங்கள் பெற்றோர் சங்கமும் உடன் வந்து கையெழுத்திடும், நான் பேசிவிட்டேன்.

உங்களிடம் நான் கேட்பவை பெரியவை அல்ல. பயிற்சி முகாம்களிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். துண்டறிக்கைகளில் 'மூளை வளர்ச்சியற்றவர்களைவிட' என்று தொடங்கும் வரிகளை நீக்குங்கள். சிங்கரைக் கற்பிக்கும் வகுப்பில் அதே வாரத்திலேயே ஜான்சனையும் கிட்டேயையும் கற்பியுங்கள். கடைசி வகுப்பில் நேரமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்க வேண்டாம். அரங்குக்குச் சாய்தளம் இருக்கிறதா என்று பாருங்கள், எங்கள் பிள்ளைகளையும் அழையுங்கள். அவர்களில் பலர் உங்களைவிட நீண்ட நேரம் ஒரு நாய்க்குட்டியின் அருகே அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

முகாமில் பேசிய அந்த இளைஞர் இம்மடலைப் படித்தால், அவர்மீது எனக்குக் கோபம் இல்லை என்பதை அறிந்துகொள்ளட்டும். அடுத்த ஆண்டுக்கான பயிற்சிக் கையேடு விரைவில் அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வேப்பமரத்தடியில் நின்ற அந்தத் தாயிடம் நானே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு சிறப்பாசிரியர்,
நாமக்கல் மாவட்டம்